மலைநாட்டுப் பாதையில் ஸ்போர்ட்ஸ் கார்: சிறிய சில்லா, பெரிய சில்லா?

கினிகத்தேனை ஏற்றத்திலும் ரம்பொடை வளைவுகளிலும் நாள்தோறும் ஓடுகின்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தும் சில்லு, கொழும்பில் ஓடுகின்ற அதே காருக்குப் பொருந்தும் சில்லாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வகைக் காரை வைத்திருப்பவர்கள் டயர் தேய்ந்ததும் முதலில் யோசிப்பது ஓர் அங்குலம் பெரிய ரிம்முக்கு மாறலாமா என்பதைத்தான். ஓர் அங்குலம் சிறியதற்கு இறங்கலாமா என்று டயர் கடையில் கேட்பவர்கள் மிகவும் குறைவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்கில் உரசாமல் ஏறக்கூடிய அளவுகளுள், அந்தக் காருக்கோ அதன் உடன்பிறப்பு மொடலுக்கோ உற்பத்தியாளரே பயன்படுத்திய மிகச் சிறிய அளவுதான் மலைநாட்டுக்கு ஏற்றது. அதனால் மிஞ்சும் பணத்தை நல்ல டயருக்குச் செலவிட வேண்டும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

அளவுகளை வாசித்தல்

சில்லின் அளவு மாறினாலும் டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகிறது. ஆகவே நாம் உண்மையில் தெரிவு செய்வது, தரைக்கும் உலோகத்துக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் இறப்பரும் காற்றும் இருக்க வேண்டும் என்பதையே.

நம் பாதைகளில் அடிக்கடி காணப்படும் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் 195/45ஆர்17 டயரில் 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பதைக் குறிக்கிறது. 195இன் 45 வீதம் ஏறக்குறைய 88 மில்லிமீட்டர். அதை இரண்டால் பெருக்கி, 17 அங்குல ரிம்மின் விட்டமான 432 மில்லிமீட்டரோடு கூட்டினால் மொத்த விட்டம் ஏறக்குறைய 607 மில்லிமீட்டர். இதே முறையில் 195/50ஆர்16 டயருக்குப் பக்கச்சுவர் 97 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், மொத்த விட்டம் 601. 195/55ஆர்15 டயருக்குப் பக்கச்சுவர் 107, மொத்தம் 596க்குச் சற்றுக் குறைவு. மறுபுறம், 215/35ஆர்18 போட்டால் மொத்த விட்டம் 608 ஆக ஏறக்குறைய மாறாமல் இருந்தாலும் பக்கச்சுவர் 75 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 15 அங்குலத்துக்கும் 18 அங்குலத்துக்கும் இடையில் 32 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு; பள்ளத்தில் விழும் ரிம்மைக் காப்பதும் விடுவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

மொத்த விட்டத்தில் 2 வீதத்துக்கு மேல் வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. விட்டம் குறைந்தால் வேகமானி உண்மையை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதில் ஆபத்தில்லை. விட்டம் கூடினால், காட்டுவதை விடக் கார் வேகமாக ஓடும். அது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும் இடத்தில் விரும்பத்தக்கதல்ல.

சிறிய அளவுக்கு இறங்குவதைத் தரக்குறைவாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2005இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு சுசுகி நிறுவனமே 195/50ஆர்16 டயரைத்தான் கொடுத்தது, 17 அங்குலம் 2011இல் வந்த அடுத்த தலைமுறையில்தான் சேர்ந்தது. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இப்போதைய தலைமுறைக்கு 195/50ஆர்16, 205/45ஆர்17 என்ற இரண்டு அளவுகளும் தொழிற்சாலையிலேயே உண்டு. டொயோட்டா 86 காரின் கீழ்த் தரங்கள் 205/55ஆர்16 டயரோடு விற்கப்பட்டன. வளைவுகளில் ஓட்டும் இன்பத்துக்காகவே செய்யப்பட்ட இந்தக் கார்களை 16 அங்குலச் சில்லில் அனுப்புவதில் அவற்றை வடிவமைத்தவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பாதை என்ன கேட்கிறது

மலைநாட்டுப் பிரதான வீதிகள் இன்று பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பேராதனையிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குச் செல்லும் ஏ5 வீதியிலும், அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக வரும் ஏ7 வீதியிலும் தார்ப்பரப்பை மட்டும் பார்த்தால் 18 அங்குலம் கூடப் போதுமானதாகத் தோன்றலாம். சிக்கல் தார்ப்பரப்பில் இல்லை, அதன் ஓரத்தில் இருக்கிறது. குறுகிய வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தால் நாம் இடப்பக்கம் ஒதுங்கியே ஆக வேண்டும்; அங்கே தார் முடியும் இடத்தில் கூரான விளிம்பும், அதற்கப்பால் கொங்கிரீட் கானும் காத்திருக்கின்றன. டயர் அந்த விளிம்பிலிருந்து இறங்கி மீண்டும் ஏறும்போது பக்கச்சுவர் ரிம்மின் உதட்டுக்கும் தார் விளிம்புக்கும் நடுவே நசுங்குகிறது. பக்கச்சுவரின் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்தால், அடுத்த சில நாள்களில் அந்த இடத்தில் கொப்புளம் போல ஒரு வீக்கம் தெரியும். அந்த டயரை ஒட்டவோ திருத்தவோ முடியாது, எறிந்துவிடத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில் நிலை இன்னும் மோசமாகும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தை நனைக்கிறது; ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் வடகீழ்ப் பருவமழை பதுளை, பண்டாரவளைப் பக்கத்தை நனைக்கிறது. மேட்டிலிருந்து கல்லும் மண்ணும் வீதியில் உருண்டுகிடப்பதும், நீர் நிறைந்த பள்ளம் சமதரை போலத் தெரிவதும் வழக்கம். மூடுபனியில் பள்ளத்தைக் காணும்போது அதைத் தவிர்க்க நேரம் இருக்காது.

தோட்டத்துப் பாதைகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. வீடு லயத்துக்குப் பக்கத்திலோ, தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டியோ இருந்து, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் கல் பாவிய பாதையில் ஏற வேண்டியவர்களுக்கு 18 அங்குலம் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் உதிரிச் சில்லே வைப்பதில்லை. பசையும் சிறு காற்றுப் பம்பும் கொண்ட பெட்டி மட்டுமே இருக்கும். ஆணி குத்திய துளையை அந்தப் பசை அடைக்கும், வெடித்த பக்கச்சுவரை அடைக்காது. இரவில், தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத ஒரு தோட்டத்துத் திருப்பத்தில் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லதல்ல.

எடையும் உயரமும்

சில்லின் எடையைப் பற்றிப் பலரும் பேசுவார்கள்; ஆனால் உயரமான இடத்தில் அது ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த அளவுக்குக் குறைவான ஒட்சிசனையே இழுப்பதால், அதன் வலுவும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ பொருத்திய காரில் இழப்பு இதை விடக் குறைவு. எஞ்சின் இப்படி மூச்சு வாங்கும் இடத்தில், கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரிலிருந்து மீண்டும் மீண்டும் வேகமெடுக்க வேண்டியிருக்கும்போது, சுழலும் எடை ஒவ்வொரு கிலோவும் தன்னைக் காட்டிவிடும்.

பெரிய ரிம் போடும்போது உலோகம் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக நகர்கிறது. மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் எடை இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் வலு வேண்டும். மேலும் சில்லு, டயர், பிரேக் ஆகியவற்றின் எடையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் தாங்குவதில்லை. அவை பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டயரைத் தரையோடு ஒட்டிவைக்க ஷொக் அப்சோபர் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வளைவின் நடுவே சிறு மேடு பள்ளங்கள் இருந்தால், பாரமான சில்லு தரையை விட்டுத் துள்ளும். இலேசான சில்லு தரையைத் தொடர்ந்து பிடித்திருக்கும். மலைநாட்டில் பிடிமானம் என்பது பெரும்பாலும் இதுதான். அகலமான டயர் தரும் பிடிமானம் இதற்கு அடுத்த இடத்துக்குத்தான் வரும்.

அளவை மட்டும் பார்த்து எடையை ஊகிக்கக் கூடாது. 1996இல் ரேஸ் நிறுவனம் வெளியிட்ட டீஈ37 என்ற வார்ப்படமல்லாத, அடித்துச் செய்யப்பட்ட ரிம் 15 அங்குல விட்டத்திலும் 6 அங்குல அகலத்திலும் 3.7 கிலோ மட்டுமே இருந்தது. அதே தோற்றத்தில் விற்கப்படும் போலிகள் அதைவிட வெகுவாகப் பாரமானவை, வலுவும் குறைந்தவை. ஆகவே கடைக்காரரிடம் ஒரு தராசைக் கேட்டு, இப்போது இருக்கும் ரிம்மையும் வாங்கப் போகும் ரிம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். புதிய 16 அங்குல ரிம் பழைய 17ஐ விடப் பாரமாக இருந்தால் மாற்றத்தின் பயனில் பாதி போய்விடும். ஜப்பானிலிருந்து வந்த ரிம் என்றால் அதன் ஆரத்தில் ஜே.டபிள்யூ.எல்., வீ.ஐ.ஏ. என்ற அந்நாட்டுத் தரச் சான்று முத்திரைகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முத்திரையும் போலியாக இருக்கலாம் என்பதால் தராசையும் விட்டுவிடக் கூடாது.

பெரிய சில்லு எப்போது சரி

பெரிய சில்லுக்குரிய நியாயங்களையும் மறைக்கக் கூடாது. குட்டையான பக்கச்சுவர் வளைவில் குறைவாகவே மடிவதால், ஸ்டியரிங்கைத் திருப்பிய மறுகணமே காரின் மூக்கு திரும்புகிறது. உலர்ந்த, சீரான தாரில் இந்தக் கூர்மை உண்மையானது, இன்பமானது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்த்தவர்கள் அங்கே ஓடும் கார்களின் டயர்களைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அது மூடப்பட்ட, பெருக்கித் துடைக்கப்பட்ட பாதை, எதிரே பஸ் வராது. பொது வீதியில் காருக்குரிய வேக எல்லை நகரப் பகுதியில் மணிக்கு 50, வெளியில் 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 45 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் உள்ள பக்கச்சுவர் வேறுபாட்டை உணர்வதற்கு மிகக் கூர்மையான கை வேண்டும்.

வார நாள்களில் கொழும்பிலோ கண்டியிலோ ஓட்டி, விடுமுறைக்கு மட்டும் மலைக்கு வருபவர், அதிவேக நெடுஞ்சாலையில் அதிகம் செல்பவர், பிரேக்கைப் பெரிதாக மாற்றியிருப்பவர் ஆகியோர் 17 அங்குலத்தில் இருப்பதே சரி. டயரின் வகையும் முடிவைப் பாதிக்கும்: விரும்பும் டயர் 17 அங்குலத்தில் மட்டும் கிடைத்து, 16 அங்குலத்தில் மலிவான டயர் மட்டுமே கிடைக்குமானால், 17 அங்குலத்தில் நல்ல டயரையே தெரிவு செய்ய வேண்டும். 18 அங்குலத்துக்கு மட்டும், அந்த அளவிலேயே தொழிற்சாலையிலிருந்து வந்த கார் தவிர, மலைநாட்டில் ஒரு நியாயத்தையும் என்னால் காண முடியவில்லை. புகைப்படத்தில் அழகாக இருக்கும் என்பதை நியாயமாகக் கணக்கெடுத்தால் தவிர.

பொருந்துமா என்று பார்த்தல்

சிறிய ரிம்முக்கு இறங்கும்போது முதலாவது தடை முன்பக்க பிரேக். பிரேக் தட்டின் விட்டம் பொருந்தினாலும் அந்தத் தட்டை நெரித்துப் பிடிக்கும் கலிப்பரின் வெளிமுகம் ரிம்மின் கம்பிகளில் உரசலாம். ஆகவே டயர் போடாத வெறும் ரிம்மைக் கொண்டுவந்து காரில் மாட்டி, நட்டுகளை இறுக்கி, கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கராஜில் “இதே காருக்குப் போட்டிருக்கிறோம்” என்று சொல்வதை இந்தச் சோதனைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளக் கூடாது, ஏனெனில் ஒரே அளவுள்ள இரண்டு ரிம்களின் உட்புற வடிவம் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்தது நட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 5 நட்டு, 114.3 மில்லிமீட்டர், சாதாரண ஸ்விஃப்ட்களில் பெரும்பாலும் 4 நட்டு, 100 மில்லிமீட்டர். ஆகவே பெயரை மட்டும் நம்பி ஸ்விஃப்ட் ரிம் வாங்கக் கூடாது. ரிம்மின் மையத் துளை, அது மாட்டப்படும் காரின் ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் உரிய அளவு ஹப் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். நட்டின் இருக்கையும், அதாவது நட்டு ரிம்மில் பதியும் இடத்தின் வடிவமும், கவனிக்கத்தக்கது: ஹொண்டாவின் அசல் ரிம்கள் உருண்டை இருக்கை கொண்டவை, வெளியார் ரிம்கள் பெரும்பாலும் கூம்பு இருக்கை கொண்டவை. ஒன்றுக்குரிய நட்டை மற்றொன்றில் இறுக்கினால் அது இறுகியது போலத் தோன்றி ஓட்டத்தில் தளரும்.

ஒப்செட் என்பது சில்லு உள்ளே எவ்வளவு இருக்கிறது, வெளியே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அகலம் மாறாமல் ஒப்செட் 50 மில்லிமீட்டரிலிருந்து 40ஆகக் குறைந்தால் சில்லு 10 மில்லிமீட்டர் வெளியே வரும். இதனால் பள்ளங்களில் ஸ்டியரிங் கையை இழுக்கும், வளைவில் முழுப் பாரம் இறங்கும்போது டயர் மட்காட்டில் உரசும். அசல் அளவிலிருந்து 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் இருப்பதே நல்லது. ரிம்மின் அகலத்தைப் பொறுத்தவரை, 195/50ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை ஏற்கத்தக்கது. 6 அல்லது 6.5 மிகப் பொருத்தம்.

மாட்டிய பிறகு தட்டையான தரையில் மட்டும் சோதிப்பது போதாது. ஒரு முன்சில்லைத் தடித்த பலகையின் மேல் ஏற்றி, பின் இருக்கையில் ஆள்களை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். கானைக் கடந்து தோட்டப் பாதைக்குத் திரும்பும்போது கார் அப்படித்தான் முறுக்கப்படுகிறது.

டயரும் காற்றும்

பாரச் சுட்டெண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 195/45ஆர்17 டயரில் வழக்கமாக இருக்கும் 81 என்ற எண், அந்த டயர் 462 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 195/50ஆர்16 டயர் வழக்கமாக 84, அதாவது 500 கிலோ. அசல் எண்ணை விடக் குறைந்ததை ஒருபோதும் போடக் கூடாது. 215/35ஆர்18 அளவிலும் 84 உண்டு. ஆனால் அது கூடுதல் பாரத்துக்கென்று செய்யப்பட்ட எக்ஸ்.எல். வகை டயராக இருக்கும், அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கு அதற்குக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும், அது சவாரியை மேலும் கடினமாக்கும்.

அதிவேகப் பாவனைக்கென்று செய்யப்பட்ட மென்மையான கோடைகால டயர்கள் குளிரில் இறுகிவிடும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் அதிகாலை நிலப்பனி உறைவது உண்டு. ஏறக்குறைய 7 பாகை செல்சியஸுக்குக் கீழே அத்தகைய டயரின் முதல் சில கிலோமீட்டர்கள் நம்பத்தக்கவை அல்ல. ஈரத்தரைப் பிடிமானத்துக்குப் பெயர்பெற்ற, சற்று மிதமான டயரே இங்கே ஏற்றது. டயரின் பூவில், அதாவது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய பரப்பில், உள்ள தேய்வுக்குறி 1.6 மில்லிமீட்டரில் வெளிப்படும். மலை மழையில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது அறிவுடைமை. பாவித்த ஜப்பான் டயர் வாங்குவதாயின், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு ஆண்டுக்கு மேற்பட்டதை, பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும், விட்டுவிடலாம்.

ஓர் இடைக்குறிப்பு. கொழும்பில் 30 பாகையில் 33 பீ.எஸ்.ஐ. நிரப்பிய டயரை நுவரெலியாவின் 12 பாகைக் குளிரில் அளந்தால் 30 காட்டும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். குளிர் ஏறக்குறைய 3 பீ.எஸ்.ஐ. குறைக்கிறது என்பது சரி; ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு குறைவதால், மானி மீண்டும் 33ஐ ஒட்டியே காட்டும். ஆகவே மலையேறியதும் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. டயர் ஆறியிருக்கும்போது, கதவுத் தூணில் உள்ள அட்டையின்படி அளந்தால் போதும். அளவு மாற்றிய டயராயின், பாரச் சுட்டெண் உயர்ந்திருக்கும் வரை அதே அழுத்தத்தில் தொடங்கலாம்.

மாட்டும் நாளில் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டுப் போகவிடக் கூடாது. கைநூலில் குறித்த அளவுக்கு டோர்க் ரென்சால் இறுக்கச் சொல்ல வேண்டும். அந்த அளவு காருக்குக் கார் வேறுபடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, அதன்பின் வீல் எலைன்மென்ட் செய்துகொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். கழற்றிய 17 அங்குலச் சில்லுகளை உடனே விற்றுவிடாமல், நடு முகத்தைத் தாளால் மூடி, இறப்பர் வெயில் படாத இடத்தில் வைத்திருப்பது நல்லது. காரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அசல் சில்லுகளைத்தான்.